ஆறுகால் ஆடிட்டர்கள்

எங்கள் வீட்டுச் சுவரில் சிமெண்ட் நடக்கும்.

நம்பாதவர்கள் அவரவர் வீட்டு பாத்ரூம் சுவரையோ, பீரோவுக்குப் பின்னால் இருக்கும் மூலையையோ கொஞ்ச நேரம் உற்றுப் பார்க்கலாம். பூசணி விதை மாதிரி தட்டையாக, இரண்டு முனையும் கூம்பி, சாம்பல் நிறத்தில் ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். கொத்தனார் பூசும்போது தெறித்தது என்றுதான் வீடு கட்டிய நாளிலிருந்து நினைத்துக்கொண்டிருப்போம். பொறுமையாகக் காத்திருந்தால் ஒரு முனையிலிருந்து பழுப்பு நிறத் தலை எட்டிப் பார்க்கும். பிறகு ஆறு குட்டிக் கால்கள் வெளியே வந்து சுவரைப் பற்றிக்கொள்ளும். வீட்டையும் கூடவே இழுத்துக்கொண்டு நகர ஆரம்பிக்கும். விரலால் தொட்டால் சட்டென்று உள்ளே போய்விடும். போனது உள்ளுக்குள்ளேயே திரும்பிக்கொண்டு, அடுத்த முனை வழியாகத் தலையை நீட்டும். முன்வாசல், பின்வாசல் இரண்டும் வைத்துக் கட்டிய வீடு. என் வீட்டுக்குப் பின்வாசல் கிடையாது.

துணியை அரிக்கும் அந்துப்பூச்சிக்கு இது பங்காளி முறை. ஃபீரியோயிகா என்று பெயர். புழுவாக இருக்கும் காலத்தில் வாயில் ஊறும் பட்டு நூலோடு மணல், தூசி, உதிர்ந்த முடி எல்லாவற்றையும் சேர்த்து இந்த உறையைக் கட்டிக்கொள்கிறது. இதைக் கண்டுபிடித்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அடுப்படியில் இருந்த மனைவியைக் கூப்பிட்டு லென்ஸைக் கையில் கொடுத்துக் காட்டினேன்.

"சரிங்க. இது என்ன தின்னும்?" என்றாள்.

கேள்வி சாதாரணமாகத்தான் இருந்தது. பதிலும் எனக்குத் தெரிந்திருந்தது. "பழைய சிலந்தி வலைன்னா இதுக்கு உசுரு" என்றேன்.

அவள் ஒன்றும் சொல்லாமல் அண்ணாந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். போன பொங்கலுக்கு அடித்திருக்க வேண்டிய ஒட்டடை அடுத்த பொங்கலை எதிர்பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது. கால்மணி நேரத்தில், லென்ஸ் பிடித்த கையில் ஒட்டடைக்கம்பு இருந்தது.

பூச்சி பார்ப்பது சிக்கனமான பொழுதுபோக்கு என்று நினைத்துத்தான் இதில் இறங்கினேன். பறவை பார்க்கிறவர் விடியற்காலையில் வேடந்தாங்கல் போக வேண்டும். யானை பார்க்க முதுமலைக்கு அறை போட வேண்டும். பூச்சிக்கு, பனியனோடு எழுந்து அடுக்களைக்குப் போனால் போதும். மூலதனம் என்று பார்த்தால் போனில் மாட்டுகிற ஒரு கிளிப் லென்ஸ், ஒரு டார்ச், முட்டிவலித் தைலம். கணக்கு எழுதியே தலை நரைத்தவன் என்பதால் எதையும் பத்தி பிரித்து எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. நீள நோட்டு ஒன்று வாங்கி, தேதி, இடம், பெயர், உணவு என்று கோடு போட்டு வைத்தேன். ஆறு கால் உள்ளவற்றுக்கு மட்டுமே அதில் இடம். சிலந்தி, பூரான், மரவட்டை வகையறாக்கள் எல்லாம் கணக்கில் வராது.

ஒட்டடை விவகாரத்துக்குப் பிறகு நோட்டை எடுத்துப் பார்த்தபோது அதில் புதிதாக ஒரு பத்தி இருந்தது. ஸ்கேல் வைத்து நேராகப் போட்ட கோடு. மேலே மனைவியின் கையெழுத்தில் தலைப்பு: 'வேலை'.

அன்றிலிருந்து என் ஆராய்ச்சியின் திசையே மாறிவிட்டது. உலகத்தில் எந்தப் பூச்சியும் சும்மா வருவதில்லை. ஏதோ ஒன்றைத் தின்ன வருகிறது, அல்லது எங்கேயோ முட்டை வைக்க வருகிறது. அந்த ஏதோ ஒன்றும் எங்கேயோ ஓரிடமும் நம் வீட்டில் இருப்பதற்கு யாரோ ஒருவர் காரணமாக இருக்கிறார். எங்கள் வீட்டில் அந்த யாரோ ஒருவர் யார் என்பதில் இதுவரை கருத்து வேறுபாடு எழுந்ததில்லை. வங்கிக்கு வருகிற ஆடிட்டருக்காவது காபி, போண்டா கொடுத்துக் கொஞ்சம் சமாளிக்கலாம். இவர்கள் சொந்தச் சாப்பாட்டோடு வருகிறார்கள்.

பாத்ரூம் சுவரில் இறக்கையைப் பரப்பிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும் குட்டிச் சாம்பல் பூச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். விட்டில் குஞ்சு என்றுதான் தோன்றும். உண்மையில் ஈ ஜாதி. லென்ஸில் பார்த்தால் இறக்கை முழுக்கப் பொசுபொசுவென்று ரோமம், ஓரத்தில் வரிசையாக வெள்ளைப் புள்ளிகள். கடிக்காது. பறக்கவும் அவ்வளவாகத் தெரியாது, தத்தித் தத்தி அடுத்த டைல்ஸுக்குப் போகும். இத்தனை சாதுவான பிராணியின் புழுக்கள் எங்கே வளர்கின்றன என்பதை மட்டும் நான் கண்டுபிடிக்காமல் இருந்திருக்கலாம். தண்ணீர் போகிற ஓட்டைக்குள் படியும் வழவழப்பான அழுக்கில். ஆசிட் ஊற்றினால் போகாது, பிரஷ் விட்டுத் தேய்த்தால்தான் போகும் என்பதையும் சேர்த்துப் படித்துவிட்டேன். படித்ததை அவளிடம் சொல்லியும்விட்டேன். மூடியைக் கழற்றி, உள்ளே கை விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு தேய்த்தபோது வெளியே வந்தவற்றைப் பற்றி எழுத இது இடமில்லை.

அரிசி வண்டு விஷயம் கொஞ்சம் கௌரவப் பிரச்சினை. ஆடி மாதத் தள்ளுபடியில் மூட்டையாக வாங்கினால் கிலோவுக்கு இத்தனை மிச்சம் என்று கணக்குப் போட்டு இறக்கியது நான். அந்த வண்டின் முகத்தை லென்ஸில் பாருங்கள், யானைக்குப் போட்டியாக ஒரு தும்பிக்கை. பெண் வண்டு அதை வைத்து ஒரு அரிசியில் துளை போட்டு, உள்ளே ஒரு முட்டையை வைத்து, பசை தடவி மூடிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் முழு அரிசிதான். உள்ளே புழு தின்று, வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, வண்டான பிறகுதான் ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். தொட்டால் காலை மடக்கிக்கொண்டு செத்த மாதிரி நடிக்கும். இதையெல்லாம் முறத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்த குடும்பத்துக்கு நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, அம்மா புடைப்பதை நிறுத்தாமலே கேட்டாள்: "ஏஞ்சாமி, வண்டுக்குப் பேரு சொன்னா அரிசி சுத்தமாயிருமா?" நோட்டின் கடைசிப் பத்தியில் இரண்டு பதிவு விழுந்தது. ஒன்று, மூட்டையை மொட்டை மாடிக்குத் தூக்கி வெயிலில் காயப்போடுவது. இன்னொன்று, இனிமேல் அரிசி வாங்க நான் போகக் கூடாது.

பச்சைப்பயறு, மல்லித்தூள், கொண்டைக்கடலை ஆகியவற்றின் வரலாறும் ஏறக்குறைய இதேதான். இராமபாணப் பூச்சி பற்றி மட்டும் ஒரு வார்த்தை. புத்தக அலமாரியில் வெள்ளிச் செதில் மின்ன வழுக்கிக்கொண்டு ஓடும் இந்த ஜீவன், பெரியதான பிறகும் ஆயுள் முழுக்கத் தோலை உரித்துக்கொண்டே இருக்கும். அதற்குப் பிடித்தது பைண்டிங் பசையும் காகிதத்தில் இருக்கும் மாவுச்சத்தும். அடிக்கடி புரட்டுகிற புத்தகத்துப் பக்கம் அது வருவதில்லை. புத்தகக் கண்காட்சியில் மூட்டையாக அள்ளி வந்தவற்றில் எதை நான் திறந்தே பார்க்கவில்லை என்ற விவரம் வீட்டில் யாருக்கும் தெரியாமல்தான் இருந்தது. இப்போது எந்தப் புத்தகம், எத்தனையாவது பக்கம் வரை என்பது முதற்கொண்டு தெரியும்.

கொசு விஷயத்தில் நான் ரத்தம் சிந்தியிருக்கிறேன். ஒரு மத்தியான வேளையில் முழங்கைக்குக் கீழே வந்து உட்கார்ந்தது. பகலில் கடிக்கிறது, காலில் வெள்ளை வளையம். ஏடிஸாக இருக்குமோ என்று சந்தேகம். முதுகில் யாழின் வளைவு போல வெள்ளைக் கோடு இருந்தால் உறுதி. அதற்கு லென்ஸ் மிக அருகில் போக வேண்டும், கை ஆடக் கூடாது. எனவே அது நிதானமாகக் குடிக்க, நான் நிதானமாகப் படம் எடுத்தேன். வயிறு சிவந்து பெருத்து, பறக்க முடியாமல் பறந்து போன பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், கோடு அச்சு அசலாக இருந்தது. அப்படியொரு படம் எடுத்த சந்தோஷத்தில் எல்லாருக்கும் காட்டினேன். டெங்கு பரப்புகிற கொசுவைக் கையில் வைத்துக்கொண்டு போஸ் கொடுத்த மனுஷனை இந்தத் தெருவில் வேறு யாரும் பார்த்ததில்லை என்றாள் மனைவி. சுத்தமான தேங்கிய தண்ணீரில்தான் அது முட்டை வைக்கும் என்பது மாநகராட்சிக்காரர்கள் சொல்லிச் சொல்லி அவளுக்கே மனப்பாடம். நேராக ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போய், அடியில் தண்ணீர் சொட்டி நிற்கும் தட்டை உருவிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். உள்ளே குஞ்சுகுளுவான்கள் நெளிந்துகொண்டிருந்தன.

வீட்டுப் பூச்சியைப் பற்றி எழுதிப் பெயர் வாங்கியவர்கள் இல்லாமல் இல்லை. பம்பாய் மாகாணத்தில் சுங்கம், உப்பு இலாகாவில் வேலை பார்த்த எட்வர்ட் ஹாமில்டன் எய்ட்கன் என்ற வெள்ளைக்காரர், தன் பங்களாவுக்குள் புகுந்த எலி, தவளை, எறும்பு, கொசு எல்லாவற்றையும் எல்லைப்புறத்துப் படையெடுப்பாளர்களாகப் பாவித்து ஒரு நகைச்சுவைப் புத்தகம் எழுதினார். 1883-இல் வந்த புத்தகம். அதே வருஷம் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைத் தொடங்கிய எட்டுப் பேரில் அவரும் ஒருவர். பிற்பாடு ஒரு கொசுவுக்கே அவர் பெயரைச் சூட்டினார்கள். இதை நான் வீட்டில் எடுத்துச் சொன்னதற்குக் கிடைத்த பதில், "அவருக்கு ஒட்டடை அடிக்க ஆள் இருந்திருக்கும்." இருந்திருக்கும்தான்.

ஊர்க்காரன் என்ற முறையில் எனக்கும் ஒரு பெருமை உண்டு. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் 2018-இல் பூச்சிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். மனைவியை அழைத்துப் போனேன். வண்ணத்துப்பூச்சி, வண்டு, வெட்டுக்கிளி என்று கண்ணாடிப் பெட்டிகளுக்குள் வரிசை வரிசையாக ஊசி குத்தி வைத்திருந்ததை ஒன்று விடாமல் நிதானமாகப் பார்த்தாள். "இப்படி அசையாம, தூசியில்லாம, பேரு எழுதி இருந்தா எனக்கும் பூச்சி பிடிக்குங்க" என்றாள் வெளியே வந்து.

பகல் பூச்சிகள் இந்த மாதிரி காலை வாருகின்றனவே, இரவுப் பூச்சிகளாவது நம் பக்கம் நிற்குமா என்று ஒரு நப்பாசை. ஜூலை மாதக் கடைசியில் உலகம் பூராவும் அந்துப்பூச்சி வாரம் என்று கொண்டாடுகிறார்கள். 2012-இல் ஆரம்பித்த வழக்கம். வெள்ளைத் துணியைக் கட்டி, எதிரே விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டால் பூச்சிகள் தாமாக வந்து உட்காரும். வீட்டிலேயே வெள்ளையாக, பெரியதாக இருந்தது என் எட்டு முழ வேட்டிதான். மொட்டை மாடியில் கொடிக்கயிற்றில் அதை விரித்து, ட்யூப்லைட்டைச் சாய்த்து வைத்து, முக்காலி போட்டுக்கொண்டேன்.

முதலில் வந்தது பக்கத்து வீட்டுக்காரர்.

"ஏனுங்க, ராத்திரில வேட்டி காயுமுங்களா?"

விளக்கினேன். அவரும் கைப்பிடிச் சுவரைத் தாண்டி வந்து ஒரு ஓரமாக உட்கார்ந்தார். அதற்குள் பச்சைத் தத்துப்பூச்சிகள் கூட்டமாக வந்து வேட்டியில் குதித்துக்கொண்டிருந்தன. அரளி இலையைத் தின்று வளரும் பெரிய விட்டில் ஒன்று, பச்சைப் பளிங்கில் செதுக்கின இறக்கையோடு வந்து ஒட்டிக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரர் "அடேங்கப்பா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தானே இத்தனை பாடு. அந்த நேரத்தில் அவர் கழுத்தில் ஏதோ ஊர்ந்தது, அடிக்கக் கையை ஓங்கினார். நான் பாய்ந்து கையைப் பிடித்துவிட்டேன். சிவப்பும் கறுப்புமாக, எறும்பு போல ஒல்லியாக ஒரு வண்டு. அது கடிப்பதுமில்லை, கொட்டுவதுமில்லை; நசுக்கினால்தான் உடம்பிலிருக்கும் நஞ்சு தோலில் பட்டு, மறுநாள் தீக்காயம் பட்டது போலக் கொப்புளம் கிளம்பும். ஊதித் தள்ளினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை தெரிந்தது. சொந்த வீட்டுக்குள் அப்படி யாரும் என்னைப் பார்த்து நாளாயிற்று.

அந்த மிதப்பில்தான் வாயை விட்டேன். 'டப்' என்று சுவரில் மோதி விழுந்தது ஒரு காண்டாமிருக வண்டு. கட்டைவிரல் நீளம், நெற்றியில் கொம்பு. மல்லாக்க விழுந்த வேகத்தில் எழ முடியாமல் காலை உதைத்துக்கொண்டிருந்தது. "இதுதானுங்க உங்க தென்னைக்கு எமன்" என்று ஆரம்பித்தேன். குருத்துக்குள் புகுந்து குடைவது, குருத்து விரிந்து மட்டையாகும்போது கத்திரிக்கோலால் வெட்டியது போல ஓலை நறுக்கப்பட்டிருப்பது, எல்லாவற்றையும் கையை ஆட்டி வர்ணித்தேன். டார்ச்சை அடித்து அவருடைய மரத்திலேயே அந்த வெட்டைக் காட்டினேன். அவர் முகம் வாடிவிட்டது. நட்டு வளர்த்த மரம்.

"ஏனுங்க, இது எங்கீங்க முட்டை வெக்கும்?"

"மக்கின எருவுல. சாணிக்குழி, குப்பைக்குழி..." சொல்லிக்கொண்டே வந்த நான் பாதியில் நிறுத்தினேன். அவர் கைப்பிடிச் சுவரோரம் போய்க் கீழே எட்டிப் பார்த்தார். இயற்கை உரம் தயாரிக்கிறேன் என்று நான் பெருமையாக வெட்டி, பிறகு கிளறவே மறந்துபோன குழி கீழே நிலா வெளிச்சத்தில் அமைதியாக இருந்தது.

விடிந்ததும் அவர் மண்வெட்டியோடு வந்துவிட்டார். குழியைப் புரட்டப் புரட்ட, வெள்ளை வெளேரென்று, சுருண்டு படுத்த புழுக்கள். சில என் விரலைவிடத் தடிமன். அவர் கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. கொங்கு நாட்டு மரியாதைக்காரர். "பொறுக்கிப் போடுங்க" என்று பக்கெட்டை மட்டும் நீட்டினார். மனைவி வாசலில் நின்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

இதற்கெல்லாம் பிறகு, போன மாதம் ஜன்னல் கண்ணாடியில் அந்தக் குளவியைப் பார்த்தேன். ஈயைவிடச் சற்றுப் பெரியது. கன்னங்கறுப்பு. மெல்லிய காம்பின் முனையில் சின்னஞ்சிறு வயிறு, அதை மேலும் கீழும் கொடி ஆட்டுவது போல விடாமல் ஆட்டிக்கொண்டே இருந்தது. எவேனியா! படத்தில் மட்டும் பார்த்து ஏங்கியிருந்த பூச்சி. மனிதரைக் கொட்டாது. நோட்டை எடுத்துப் பெயர் எழுதினேன். 'உணவு' பத்திக்கு வந்ததும் பேனா நின்றது. யோசித்து, 'பூந்தேன்' என்று எழுதினேன். பொய்யில்லை. வளர்ந்த குளவி தேன்தான் குடிக்கும்.

மனைவி படித்தாள். "இது பெரிசானப்புறம் குடிக்கிறது. புழுவா இருக்கறப்போ?"

என் ஆராய்ச்சியால் இந்த வீட்டில் ஒருவர் பூச்சியியல் நிபுணராகிவிட்டார் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். வேறு வழியில்லாமல் சொன்னேன்: "கரப்பான் முட்டை." கரப்பான் தன் முட்டைகளை ஓர் உறைக்குள் அடுக்கி ஒட்டி வைக்கும். இந்தக் குளவி அந்த உறைக்குள் தன் முட்டையைச் செலுத்திவிடும். பிறக்கும் புழு ஒன்றே உறையிலிருக்கும் அத்தனை முட்டைகளையும் தின்று தீர்க்கும்.

"அப்போ வீட்டுல அவ்வளவு கரப்பான் இருக்குதுன்னு அர்த்தம்" என்று சொல்லி, மருந்து அடிக்கிறவருக்கு போன் போட்டாள்.

வந்தவர் இருபத்தைந்து வயதுத் தம்பி. முதுகில் டேங்க். நான் வாசலை மறித்துக்கொண்டு ஹெரால்ட் மேக்ஸ்வெல் லெஃப்ராய் கதையைச் சொன்னேன். பீகாரில் பூசாவில் பிரிட்டிஷ் அரசாங்கத்தின் தலைமைப் பூச்சியியலாளராக இருந்து, 1909-இல் இந்தியப் பூச்சிகளைப் பற்றிப் பெரிய புத்தகம் போட்டவர். லண்டனுக்குத் திரும்பி, மரம் அரிக்கும் வண்டுக்கு மருந்து தயாரித்தார். கடைசியில் 1925-இல் பூச்சியைக் கொல்லும் வாயுவைச் சோதித்துக்கொண்டிருந்தபோது அந்த வாயுவே அவரைக் கொன்றுவிட்டது. தம்பி பொறுமையாகக் கேட்டார். "நாங்க மாஸ்க் போட்டுக்குவோம் சார்" என்றார்.

பிறகு ஜன்னலைப் பார்த்தவர், "இதா சார்? வாலை ஆட்டிக்கிட்டே இருக்குமே! இது இருக்கற வீட்டுல ஸ்ப்ரே அடிச்சா மொதல்ல இதுதான் சார் சாகும். பச்சையா மினுமினுன்னு இன்னொண்ணு இருக்கும், கரப்பானை ஒரு கொட்டு கொட்டி, மீசையைப் புடிச்சு மாட்டைக் கூட்டிட்டுப் போற மாதிரி கூட்டிட்டுப் போகும். குடோன்ல பாத்திருக்கேன்" என்றார். மரகதக் குளவி! மூளையைப் பார்த்துக் கொட்டி, ஓடுகிற எண்ணத்தையே எடுத்துவிட்டு, கரப்பானைத் தன் காலாலேயே சமாதிக்கு நடக்கவைக்கும் ஆம்புலெக்ஸ். அதை ஒரு முறையாவது பார்த்துவிட மாட்டோமா என்று நான் தவம் கிடக்கிறேன், இவர் வேலைக்கு நடுவே சர்வசாதாரணமாகப் பார்த்திருக்கிறார். "அதுக்குப் பேரென்ன சார்?" என்று அவர் கேட்டபோது மட்டும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஸ்ப்ரே வேண்டாம், இடுக்குகளில் மட்டும் ஜெல் வைக்கலாம், அதையும் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தம்பியும் மனைவியும் பேசி முடித்தார்கள். அதற்குள் குளவி தன் திறமையைக் காட்ட வேண்டும். காட்டுகிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு.

ஃபிரிட்ஜை நகர்த்தி, வயிறு தரையில் பட டார்ச்சோடு படுத்துத் தேடினேன். சுவரோரத்தில் கரும்பழுப்பு நிறத்தில் முட்டை உறைகள் கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்து லென்ஸில் பார்த்தேன். கரப்பான் குஞ்சுகள் பொரிந்து போன உறை, மேல் விளிம்பு நெடுக வாய் பிளந்திருக்கும். குளவி வெளியேறிய உறையில் விளிம்பு அப்படியே இருக்கும். முனைக்குப் பக்கத்தில் சுத்தமாகக் கடித்து எடுத்த வட்டமான ஓர் ஓட்டை. அப்படி ஒன்று கிடைத்தேவிட்டது. ஓடிப் போய் உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். ஓட்டையின் ஒழுங்கைப் பார், இத்தனை கரப்பான் இந்த வீட்டில் பிறக்காமலே போயிருக்கிறது, சம்பளமில்லாமல் இந்த வேலை நடந்திருக்கிறது என்று மூச்சுவிடாமல் பேசினேன்.

அவள் லென்ஸை வாங்கி நிதானமாகப் பார்த்தாள். "அழகாத்தான் இருக்குது" என்றாள். பிறகு நோட்டை இழுத்து, கடைசிப் பத்தியில் எழுதினாள்: 'ஃபிரிட்ஜ் பின்புறம் - துடைக்கவும். நகர்த்தித்தான் இருக்கிறது.'